கழிமுகனின் மூன்று கொப்பிகள்: கட்டைபறிச்சானுக்குப் போய் வந்த கதை

இந்தப் பதிவை எழுத எனக்கு ஏழு வாரம் எடுத்தது. வழக்கமாகப் பயணம் முடிந்து வீடு வந்த அன்றைக்கே, பையைக்கூடப் பிரிக்காமல் எழுதத் தொடங்குகிற ஆள் நான். இந்தமுறை கணினியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன். எழுதாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் என் பழைய பதிவை வாசித்துவிட்டுத் திருகோணமலைக்கும் கட்டைபறிச்சானுக்கும் போக ஆசைப்படுகிறவர்கள் இன்னும் வழி கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வழியையும் சொல்கிறேன், நான் செய்துவைத்த வேலையையும் சொல்கிறேன். இரண்டையும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் வவுனியாவில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். விடுமுறை வந்தால் கவிஞர்கள் இருந்த வீடு, நடந்த தெரு என்று தேடிப்போய்ப் படம் எடுத்துப் போடுவேன். "உனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று வீட்டில் கேட்பார்கள். இல்லைத்தான்.

கழிமுகன் என்பது புனைபெயர். சொந்தப் பெயர் தங்கவடிவேல். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்கு அப்பால் உள்ள கட்டைபறிச்சானில் பிறந்தவர். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே லாஞ்சிப் படகு ஓடிய காலத்தில் இறங்குதுறையில் பயணச்சீட்டு, அதாவது ரிக்கற், எழுதும் வேலை பார்த்தார். இருபத்தாறு வயதில் ஒரேயொரு சின்னப் புத்தகம் போட்டார்: அறுபத்து நான்கு பக்கம், முப்பத்தொரு கவிதை. எல்லாம் நிலா, காற்று, கங்கை என்று அங்கே சொல்கிற ஆறு கடலோடு சேரும் இடம், காலை ஏழு மணி லாஞ்சியில் தட்டெழுத்து வகுப்புக்குப் போகும் ஒரு பெண். அந்தப் பெண்ணோடு அவர் ஒரு சொல் கதைத்ததில்லை. மிச்சக் காசு கொடுக்கும்போது விரல் படாமல் கொடுத்ததைப் பற்றி மட்டும் மூன்று கவிதை இருக்கிறது.

அந்தக் காலத்தில் அவரை ஒருவரும் மதிக்கவில்லை. நாடு பற்றியெரியும்போது இவருக்கு நிலாவோ என்று கேட்டார்கள். கற்பனாவாதி என்ற சொல்லையே வசவாகச் சொன்னார்கள். மனிதர் பதில் சொல்லவுமில்லை, எழுத்தை மாற்றவுமில்லை. பிறகு போரில் ஊர் இடம்பெயர்ந்தது. அவரைக் காணவில்லை. அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது.

எனக்குப் பதினேழு வயதில் அந்தப் புத்தகம் ஒரு பழைய புத்தகக் கட்டுக்குள் கிடைத்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மற்றப் பெட்டைகள் நடிகர்களின் படத்தை ஒட்டிவைத்த இடத்தில் நான் இந்த மனிதரின் கவிதையைக் கையால் எழுதி ஒட்டிவைத்தேன். நாலு வருடத்துக்கு முன்பு இந்தத் தளத்தில் அவரைப் பற்றி எழுதியபோது அந்தப் பெட்டைதான் எழுதினாள். அதில் ஒரு பந்தி இப்படி வரும்: வைகாசிப் பூரணையன்று கழிமுகன் தனியே தோணி எடுத்துக்கொண்டு கங்கை முகத்துவாரத்துக்குப் போனார், சுழியில் தோணி கவிழ்ந்தது, அவர் நேசித்த கடலே அவரைக் கொண்டுபோனது.

அந்தப் பந்திக்குத்தான் அதிகம் பேர் விருப்பம் போட்டீர்கள். அழுதேன் என்று எழுதினீர்கள். எங்கிருந்து எடுத்தேன் என்று ஒருவராவது கேட்கவில்லை. அவருடைய புத்தகத்தின் கடைசிக் கவிதையில் இருந்து எடுத்தேன். அதில் ஒருவன் வைகாசிப் பூரணையில் தோணி எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போகிறான், திரும்பி வருவதில்லை. அது அவரேதான், தன் சாவை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு நான் புள்ளி போடுவதில்லை. அப்படிப் புள்ளி வெட்டுகிற நான்தான் இந்தப் பந்தியை எழுதினேன்.

இந்த வருடம் ஒரு வாசகர் கருத்துப் பெட்டியில் எழுதினார்: கழிமுகனின் தங்கை கட்டைபறிச்சானில் இருக்கிறா, அவவிடம் அவருடைய கையெழுத்தில் மூன்று சீ.ஆர். கொப்பிகள் உண்டு, அச்சில் வராத கவிதைகள், தான் முன்பு ஒருமுறை கண்ணால் கண்டது. சீ.ஆர். கொப்பி தெரியும்தானே, கெட்டி மட்டை போட்ட பெரிய நோட்டுப் புத்தகம். மூன்று என்றால் எப்படியும் முந்நூறு கவிதை வரும். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. தங்கையின் மகன் சுதனின் இலக்கத்தைத் தேடிப் பிடித்துக் கோல் எடுத்தேன். என் பெயரைச் சொன்னதும், "ரீச்சரோ! அம்மா உங்களைப் பாக்கோணும் எண்டு எப்ப தொடக்கம் சொல்லுறா. வாங்கோ," என்றான். கொப்பிகளைப் பற்றிக் கேட்டேன். "நேர வாங்கோவன், கதைப்பம்," என்றான்.

ஆவணி விடுமுறையில் வெளிக்கிட்டேன். வவுனியாவில் இருந்து காலை 5.40 பஸ், ஹொரவப்பொத்தானை வழியாக 96 கிலோமீற்றர், கட்டணம் 390 ரூபாய். திருகோணமலை பஸ் நிலையத்தில் 8.35க்கு இறங்கினேன். இடப்பக்கச் சீற் பிடிக்காதீர்கள், வெயில் முழுக்க உங்கள் முகத்தில்தான். உட்துறைமுகப் பக்கம் ஓர் அறை, இரண்டு இரவுக்கு 9,000. மின்விசிறி சுற்றியது, அவ்வளவுதான் சொல்லலாம். கச்சான் காற்று வீசுகிற காலம். மேற்கிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று துறைமுகத்துத் தண்ணீரைக்கூடச் சுருக்கிவிடும், மனிசரை விடுமா?

பையில் கொண்டுபோன சாமான்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொப்பிப் பக்கங்களைப் படம் எடுக்கப் புது மெமறி காட், மேசையில் விரிக்க வெள்ளைத் துணி, மட்டைகள் கழன்றிருந்தால் கட்ட நாடா, அந்த அம்மாவுக்கு ஒரு சேலை. கொப்பிகளைப் புத்தகமாகப் போடும்போது வரும் முன்னுரையின் முதல் இரண்டு பந்தியை பஸ்ஸிலேயே மனதுக்குள் எழுதிவிட்டேன்.

அன்று பின்னேரம் பழைய லாஞ்சி இறங்குதுறையைப் பார்க்க ஓட்டோ பிடித்தேன். இரண்டரைக் கிலோமீற்றர், 350 ரூபாய். ஓட்டோக்காரருக்கு முப்பது வயது இருக்கும், வாய் ஓயாத ஆள். எங்கே போக வேண்டும் என்று சொன்னதும் தானாகவே தொடங்கினார்.

"மூதூருக்கு லாஞ்சி ஓடின இடம்தானே அக்கா? அதில ரிக்கற் எழுதினவர் பெரிய கவிஞராம், தெரியுமோ? வைகாசிப் பூரணையில தோணியில போய்த் தாண்டு செத்தவராம்."

என் மண்டைக்குள் கர்வம் ஏறியது. மறைக்காமல் சொல்கிறேன், ஏறியது. "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று ஒன்றும் தெரியாத மாதிரிக் கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எங்கட மாமாவே கண்டவராம், நிலா வெளிச்சத்தில தோணி போனதை."

கண்டவர்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கவிதையை வைத்து ஊகித்தது உண்மையாகவே நடந்திருக்கிறது! உடனே மாமாவுக்குக் கோல் எடுக்கச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தேன். மனிதர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டு எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் எங்கயடா கண்டனான்?" என்றார் மாமா. "நீதானே ஃபோனில வாசிச்சுக் காட்டினனீ. நான் அப்ப கந்தளாயில சீனி ஆலையில வேலை. கடலையே காணேல்லை."

ஓட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இறங்குதுறைக் கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய பந்தி நாலு வருடத்தில் கண்ட சாட்சி ஒருவரையும் உண்டாக்கிவிட்டு என்னிடமே திரும்பி வந்திருந்தது. அறைக்குப் போனதும் அந்தப் பதிவைத் திருத்த வேண்டும் என்று நினைத்தேன். போனேன், மின்விசிறிக்குக் கீழே படுத்தேன், திருத்தவில்லை. கொப்பிகள் கிடைத்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக எழுதுவோம் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன்.

மறுநாள் மூதூர் பஸ் காலை 7.15. சீனக்குடா, கிண்ணியாப் பாலம், பிறகு வரிசையாக மற்றப் பாலங்கள். 170 ரூபாய், ஒரு மணி ஐந்து நிமிடம். லாஞ்சியில் போக ஆசைப்பட்டேன், அது இப்போது ஓடுவதில்லை. கங்கைப் பாலத்தில் ஏறும்போது இடப்பக்கம் பாருங்கள். ஆறு மண்ணிறமாக அகன்று கடலைத் தேடிப் போகும். அவர் புனைபெயர் எடுத்த இடம் அந்தப் பக்கம்தான். பஸ் நிற்காது, படம் எடுக்க நாலு விநாடிதான் கிடைக்கும்.

மூதூரில் சுதன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். முப்பத்தைந்து வயது, வயலில் கமமும் கடலில் மீன்பிடியும். மெலிந்த, அமைதியான பிள்ளை. அங்கிருந்து கட்டைபறிச்சான் ஆறு கிலோமீற்றர். (ஓட்டோ என்றால் 700 கேட்பார்கள், 600க்கு வருவார்கள்.) வழியில் இரண்டுமுறை கொப்பிகளைப் பற்றிக் கேட்டேன். காற்று இரைச்சலில் கேட்காத மாதிரி இருந்தான்.

அது வீடமைப்புத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீடு. முன்னால் வேம்பு. விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரைகள் நாலு. கழிமுகனின் தங்கை மகேஸ்வரி அம்மா வாசலுக்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. அறுபதுக்குக் கிட்ட வயது, நெற்றி நிறைய விபூதி. கையை விடவே இல்லை.

"வந்திட்டீங்களே பிள்ளை. எத்தினை நாளா நேந்தனான் உங்களை ஒருக்காக் காணோணும் எண்டு," என்றா.

உள்ளே கூட்டிக்கொண்டு போனா. சுவரில் கழிமுகனின் படம். நான் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்க்கிறேன். என் கற்பனையில் இருந்த முகம் இல்லை. ஒட்டிய கன்னம், பெரிய காது, கமெராவுக்குப் பயந்த மாதிரியான பார்வை. படத்துக்குப் பூமாலை, நெற்றியில் சந்தனப் பொட்டு, கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செத்தவர்களின் படத்துக்குச் செய்வதுதானே, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குசினியில் இருந்து பொரியல் மணம் வந்தது. காலையிலேயே சமைக்கத் தொடங்கியிருக்கிறா.

தேத்தண்ணியைத் தந்துவிட்டு என் எதிரே இருந்தா. நான் கொப்பிகள் என்று வாயெடுக்க முதல் அவவே சொல்லத் தொடங்கினா.

இடம்பெயர்ந்தபோது அண்ணன்தான் தாயையும் இவவையும் ஈச்சிலம்பற்று வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருத்திவிட்டு, வீட்டில் இருந்த அரிசி மூட்டையை எடுத்துக்கொண்டு நாளை மத்தியானம் வந்துவிடுவேன் என்று திரும்பிப் போனார். கொப்பிகள் கவனம் என்று பையைத் தங்கையிடம் கொடுத்தார். அந்த மத்தியானம் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வரவில்லை. பையோடு இந்த அம்மா முகாம் முகாமாகப் போனா. கந்தளாய்ப் பக்கம் ஒரு வருடம், பிறகு திரும்பி ஊர், பிறகு மறுபடி ஓட்டம், சுனாமியில் கடல் வந்த வருடம் கோயில் மண்டபம். உடுப்பை விட்டா, நகையை விட்டா, பையை விடவில்லை.

"வாசிச்சுப் பாத்தீங்களோ அம்மா?" என்று கேட்டேன்.

"நான் ஏன் பிள்ளை வாசிக்கிறன்? அவன்ர சாமான். வந்து கேட்டாக் குடுக்கத்தானே வச்சிருந்தனான்."

"இப்ப எங்க வச்சிருக்கிறீங்கள்?"

அவ சுதனைப் பார்த்தா. சுதன் நிலத்தைப் பார்த்தான்.

"உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்," என்றா அம்மா. "நீங்கள் எழுதினதை இவன்ர கூட்டாளி ஒருத்தன் கட்டாரில இருந்து அனுப்பினவன். இவன் எனக்கு வாசிச்சுக் காட்டினவன். அண்டைக்குத்தான் பிள்ளை எனக்கு எல்லாம் விளங்கினது. என்ன நடந்தது எண்டு. எந்த நாள் எண்டு. அதுவரைக்கும் திதி தெரியாமக் கிடந்தனாங்கள். திதி தெரியாம என்னத்தைச் செய்யிறது? அம்மா சாகேக்கையும் அதைச் சொல்லித்தான் செத்தவ, என்ர பிள்ளைக்கு ஒரு பிடி தண்ணி விட நாள் தெரியேல்லையே எண்டு. நீங்கள்தான் நாளைத் தந்தீங்கள்."

சைவ வீடுகளில் திதி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்தத் திதியில் உயிர் போனதோ அந்தத் திதியில்தான் வருடா வருடம் படைப்பது. நாள் தெரியாதவருக்கு எந்த நாளில் படைப்பது என்று அந்த வீடு முப்பது வருடம் தவித்திருக்கிறது. நான் ஒரு கவிதையில் நன்றாக இருக்கிறது என்று எடுத்துப் போட்ட பூரணையை அவர்கள் திதி என்று வாங்கியிருக்கிறார்கள்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், வைகாசிப் பூரணையன்று, ஐயரைக் கூப்பிட்டுச் செய்தார்களாம். உடல் இல்லாதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிப்பார்கள். அவர் தொட்ட பொருள் ஏதாவது இருந்தால் சேர்த்து வைக்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். உடுப்பு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் கை பட்ட பொருளென்று வீட்டில் இருந்தவை கொப்பிகள் மட்டும்தான்.

"நெஞ்சில வச்சம் பிள்ளை, மூண்டையும். அதுகள் இல்லாம அவன் போகமாட்டான். அவன்ர குணம் எனக்குத் தெரியும். இவன்தான் கொள்ளி வச்சவன். சாம்பலை முகத்துவாரத்திலயே கரைச்சம், நீங்கள் எழுதின இடத்திலயே."

தேத்தண்ணிக் கோப்பையை நான் எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஷெல்லுக்குத் தப்பி, கடலுக்குத் தப்பி, முகாம்களின் கறையானுக்கும் மழைக்கும் தப்பிய கொப்பிகள். ஐயோ, அவற்றை நானல்லவா எரித்திருக்கிறேன்! வவுனியாவில் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, என் வசனத்தின் அழகை நானே ரசித்துக்கொண்டு எரித்திருக்கிறேன்.

சுதன் மெல்ல, "ஃபோனில சொல்ல மனம் வரேல்லை ரீச்சர்," என்றான். "நான் ஒரு பக்கம் விரிச்சுப் பாத்தனான். கையெழுத்து விளங்கேல்லை."

அம்மா எழும்பி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. நான் கண் கலங்கியதைப் பார்த்து அண்ணனுக்காக அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், முதுகைத் தடவினா. பிறகு கேட்டா:

"பிள்ளை, அந்தத் தோணி போனதைக் கண்டவர் ஆர்? உங்களுக்குச் சொன்னவர்? அவரை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். அவருக்கு ஒரு நேரச் சோறு என்ர கையால போடோணும். அவன்ர முகத்தைக் கடைசியாக் கண்ட மனிசன்."

ஓட்டோக்காரரின் மாமா என் நினைவுக்கு வந்தார். உண்மையைச் சொல்கிறேன், வந்தார். கந்தளாயில் ஒருவர், இப்போது இல்லை, செத்துவிட்டார் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த அம்மா ஒரு தேங்காய் உடைத்து அவருக்கும் சேர்த்துக் கும்பிட்டிருப்பா. நான் சேலையைக் கொடுத்துவிட்டு 1.30 பஸ்ஸைப் பிடித்திருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை.

"அம்மா, கண்ட ஆள் ஒருத்தரும் இல்லை."

"செத்துப்போனாரோ?"

"இல்லை. அப்பிடி ஒராள் எப்பவும் இருக்கேல்லை. அண்ணாட புத்தகத்தில கடைசிப் பாட்டில அப்பிடி ஒருத்தன் போறான். அதை வச்சு நான் எழுதினது."

"அப்ப தோணி?"

"பாட்டில வாறது."

"பூரணை?"

"அதுவும் பாட்டில வாறதுதான் அம்மா. அண்ணாவுக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்டுமே தெரியாது."

சுதன் எழும்பிவிட்டான். "ரீச்சர், இதைச் சொல்லத்தானோ வந்தனீங்கள்?" என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா தன் கையைப் பார்த்தா. "அப்ப நாங்கள் உசிரோட இருக்கிறவனையோ எரிச்சனாங்கள்?" என்றா.

இல்லை, அவர் செத்துத்தான் இருப்பார் என்று சொல்லவா? அதை நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேனே. உயிரோடு இருக்கலாம் என்று சொல்லவா? நாடாவும் வெள்ளைத் துணியும் வைத்த பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அவ எழும்பிப் போய் அண்ணனின் படத்தில் இருந்த மாலையைக் கழற்றினா. சேலைத் தலைப்பால் சந்தனப் பொட்டைத் துடைத்தா. முதல் முறை முழுதாகப் போகவில்லை, எச்சில் தொட்டுத் துடைத்தா. விளக்கைக் கையால் அமர்த்தினா. சுதன் "அம்மா, அம்மா" என்று பின்னால் போனான். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே குசினிக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தா. பாரை மீன் பொரியல், முருங்கைக்காய்க் குழம்பு, பருப்பு.

"சாப்பிடுங்கோ. தூரத்தால வந்தனீங்கள்," என்றா.

சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயாக விழுங்கினேன். அந்தத் தட்டைத் தள்ளிவைக்க எனக்கு என்ன உரிமை? அவ வாசற்படியில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. நான் கை கழுவி வந்து விடைபெறும்போதுதான் மறுபடி வாய் திறந்தா. கோபம் இல்லாத குரல். கடையில் ஏதோ விலை கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டா.

"அவன் வந்து கொப்பியளைக் கேட்டா நான் என்ன பிள்ளை சொல்லுறது?"

சேலையைக் கொடுக்கவில்லை. பைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டேன்.

சுதன் என்னை மூதூரில் கொண்டுவந்து விட்டான். பஸ் வந்த பிறகு, "நீங்கள் சொல்லாம விட்டிருக்கலாம்," என்றான். "இரண்டு வருஷமா அம்மா வடிவா நித்திரை கொண்டவ." நான் தலையாட்டினேன். சொன்னது அந்த அம்மாவுக்காகவா, என் நெஞ்சுப் பாரத்தை இறக்கிவைக்கவா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஒருமுறை பொய் சொல்லி எரித்தேன், மறுமுறை உண்மை சொல்லி எரித்தேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் காய்ச்சலோ என்று கேட்டு ஒரு பனடோல் தந்தா.

இரண்டாவது இரவு அறையில் தங்கவில்லை. காசு திரும்பத் தரமாட்டார்கள், கேட்கவுமில்லை. பின்னேரம் 4.20 பஸ்ஸில் வவுனியாவுக்கு ஏறினேன்.

கழிமுகனைப் பற்றி யோசிக்கிறேன். எங்களுக்கு அவர் கடலில் செத்தால்தான் பிடிக்கும். நிலாவைப் பாடியவர் நிலா வெளிச்சத்தில் போக வேண்டும், அதுவும் இளமையில், தனியே. அரிசி மூட்டை எடுக்கப் போய்க் காணாமற்போனவர் என்றால் பதிவு எடுபடாது. ஆனால் அவர் போனது அரிசி மூட்டைக்குத்தான். தாய்க்கும் தங்கைக்கும் மறுநாள் மத்தியானச் சோற்றுக்காகத் திரும்பிப் போனார். அதை எழுத எனக்கு அவர் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது, போக நாலு வருடம் எடுத்தது. அதற்கிடையில், மிஞ்சியிருந்த முந்நூறு கவிதையும் போயிற்று. அவற்றில் என்ன இருந்தது என்று இனி உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

பழைய பதிவில் அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன். ஆனால் நீங்கள் அதைப் படமாகப் பிடித்துப் பத்து இடத்தில் போட்டிருக்கிறீர்கள். முடிந்தவர்கள் அழியுங்கள். அவருடைய இறந்த நாள் என்ன என்று கேட்டால் தெரியாது என்று எழுதுங்கள். இறந்தாரா என்று கேட்டாலும் அதேதான்.

சரி, போக நினைக்கிறவர்களுக்கு. ஆவணியில் போகாதீர்கள், கச்சான் காற்று கொன்றுவிடும். மாசி, பங்குனி நல்லது. திருகோணமலையில் பழைய இறங்குதுறையைப் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு பாருங்கள், படம் எடுக்க முதல் அங்கே நிற்கும் காவலாளியிடம் கேளுங்கள். மூதூர் பஸ் அரை மணிக்கு ஒன்று உண்டு, கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். கங்கைப் பாலத்தைப் பார்ப்பதென்றால் ஓட்டோவில் போய் நிறுத்திப் பாருங்கள், மூதூரில் இருந்து போய் வர 1,500 கேட்பார்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். அவருடைய புத்தகம் கடைகளில் இல்லை. என்னிடம் உள்ள பிரதியை நகல் எடுத்துத் தருகிறேன், கேளுங்கள்.

கட்டைபறிச்சானில் அந்த வீட்டைத் தேடிப் போகாதீர்கள். போன கிழமை சுதன் கோல் எடுத்தான், நான் வந்துபோன பிறகு முதல்முறையாக. உங்களில் ஒருவர், இந்தத் தளத்தின் வாசகர், நல்ல மனிதர், கவிஞரின் வீடு இதுதானா என்று கேட்க வெயிலுக்குள் வாசல் படலையடியில் நின்றிருக்கிறார். அவருக்கு அறுபத்தைந்து வயதாம், மெலிந்த ஆளாம். மகேஸ்வரி அம்மா குசினிக்குள் இருந்து கண்டுவிட்டு, கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு, செருப்பும் இல்லாமல் ஓடிவந்திருக்கிறா. கிட்ட வந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் நின்றாவாம். ஆகவே ஆண்கள், அறுபதைத் தாண்டியவர்கள், தயவுசெய்து அந்தப் படலையடியில் நிற்க வேண்டாம்.